எடை கூடிய வாரத்தில்தான் குழு வேண்டும்

உங்கள் கேள்வி இது: "எடையைக் குறைக்க ஆன்லைன் குழுக்களில் இரண்டு முறை சேர்ந்தேன். முதல் இரண்டு மாதம் உற்சாகமாகப் போகும். பிறகு எடை கூடிய ஏதோ ஒரு வாரத்தில் எழுதவே வெட்கமாகி, சத்தமில்லாமல் வெளியேறிவிடுவேன். டாக்டர் கொடுத்த உணவுமுறை கையில் இருக்கிறது. முகம் தெரியாதவர்களால் உண்மையில் ஏதாவது பயன் உண்டா?"

உண்டு. ஆனால் அந்தப் பயன் எந்த வாரத்தில் கிடைத்திருக்குமோ, இரண்டு முறையும் அதே வாரத்தில்தான் நீங்கள் வெளியேறியிருக்கிறீர்கள். எடை இறங்கிக்கொண்டிருக்கும்போது யாருக்கும் குழு பெரிதாகத் தேவைப்படுவதில்லை. மெஷினில் தெரியும் எண்ணே உற்சாகம் தந்துவிடும். எண் ஏறும்போதுதான் அதைச் சொல்ல ஓர் இடமும், கேட்க நாலு பேரும் வேண்டும். நான் பார்த்தவரை, நல்ல குழு ஒன்று செய்யும் வேலையில் முக்கால்வாசி, சறுக்கிய நாளுக்கும் திரும்ப எழும் நாளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் குறைப்பதுதான். தனியாக இருப்பவருக்கு அந்த இடைவெளி 4 மாதம் ஆகிவிடும். கூட ஆள் இருந்தால் 4 நாளில் முடிந்துவிடக்கூடும்.

9 ஆண்டுகளாக இப்படி ஒரு குழுவில் இருக்கிறேன். முதல் 2 ஆண்டு உறுப்பினராக, பிறகு அட்மின்களில் ஒருவராக. 21 கிலோ குறைத்தேன், அதில் 8 கிலோ திரும்ப ஏறியது, மறுபடி 5 கிலோ இறங்கியது. கடந்த 3 ஆண்டுகளாக ஏறக்குறைய அதே இடத்தில் நிற்கிறேன். நான் மருத்துவர் இல்லை. குழுவில் தினமும் வரும் கேள்விகளுக்குப் பொறுப்போடு பதில் சொல்ல வேண்டியிருந்ததால், இது பற்றிய ஆய்வுகளைத் தேடிப் படித்துப் பழகியவன்.

முதலில் ஒன்று. இது இணையத்தில் பிறந்த யோசனை இல்லை. 1948-இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் எஸ்தர் மான்ஸ் என்ற பெண்மணி தொடங்கிய 'டாப்ஸ்' என்ற அமைப்பு, எடை குறைக்க விரும்புகிறவர்களை வாரம் ஒருமுறை கூடவைத்தது. 1960-இல் லாஸ் ஏஞ்சலிஸில், அளவுக்கு மீறிச் சாப்பிடும் பழக்கத்தை விட விரும்புகிறவர்களுக்கான 'ஓவர்ஈட்டர்ஸ் அனானிமஸ்' வந்தது. எனக்கு இவற்றைவிட நெருக்கமாகப் படுவது ஜீன் நைடெச் என்ற இல்லத்தரசியின் கதை. 1961-இல் நியூயார்க் நகர சுகாதாரத் துறை நடத்திய உடல்பருமன் கிளினிக்குக்கு அவர் போய்க்கொண்டிருந்தார். அங்கே கொடுத்த உணவுத் திட்டம் நன்றாகவே வேலை செய்தது. ஆனால் வீட்டில் ஒளித்துவைத்து பிஸ்கட் தின்கிற பழக்கத்தை மட்டும் அங்கே அவரால் சொல்ல முடியவில்லை. ஒருநாள் ஆறு தோழிகளை வீட்டுக்கு அழைத்து, அவர்கள் முன்னால் அதைச் சொன்னார். அவர்களும் ஆளுக்கொன்றாகத் தங்கள் ரகசியங்களைச் சொல்ல ஆரம்பித்தார்கள். அந்த வரவேற்பறைக் கூட்டம்தான் 1963-இல் 'வெயிட் வாட்சர்ஸ்' என்ற எடைக் குறைப்பு நிறுவனமாகப் பதிவானது.

உங்கள் கையில் டாக்டர் கொடுத்த உணவுமுறை இருப்பதுபோல அவர் கையிலும் இருந்தது. இல்லாதிருந்தது, பிஸ்கட்டைப் பற்றிப் பேச ஓர் இடம்.

இணையம் வந்ததும் அந்த இடம் எந்த நேரத்திலும் திறந்திருக்கும் இடமாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை மாலைக் கூட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஏனென்றால் யாரும் செவ்வாய்க்கிழமை மாலையில் உடைந்து போவதில்லை. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, ஃபிரிட்ஜ் கதவைத் திறந்துவைத்து நிற்கும்போது உடைகிறார்கள். கூடவே, முகம் தெரியாது என்பதை நீங்கள் குறையாகச் சொல்கிறீர்கள். எடை விஷயத்தில் அது பெரிய வசதி. நேரில் வாய்விட்டுச் சொல்ல முடியாததைத் திரைக்குப் பின்னால் இருந்து சொல்லிவிட முடிகிறது என்பதை உளவியலாளர் ஜான் சூலர் 2004-இல் விரிவாக எழுதியிருக்கிறார். கூடப் பிறந்தவர்களிடம்கூடச் சொல்லாத எண்ணை, 100-ஐத் தாண்டிய அந்த எண்ணை, முதன்முதலாக எங்கள் குழுவில்தான் எழுதினேன் என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு ராத்திரியை அப்படியே சொல்கிறேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். இரவு 11.40. நாலு மாதமாகக் குழுவில் இருக்கும் ஒரு பெண் எழுதுகிறார்: "ஒரு பெரிய பாக்கெட் பிஸ்கட் முழுக்க முடித்துவிட்டேன். ருசிகூடத் தெரியவில்லை. எல்லாம் போச்சு. நாளைக்கு முழு நாளும் பட்டினி கிடக்கப் போகிறேன்." முதல் பதில் 3 நிமிடத்தில் வந்தது. ஆறுதலும் இல்லை, அறிவுரையும் இல்லை, ஒரே ஒரு கேள்வி: "இன்று மதியம் என்ன சாப்பிட்டீர்கள்?" சற்று நேரம் கழித்து அவர் எழுதினார்: "சாப்பிடவில்லை. காலையில் ஆபீஸில் கேக் சாப்பிட்டதற்கு ஈடுகட்டலாம் என்று விட்டுவிட்டேன்." கேட்டவர் தொடர்ந்தார்: "அப்படியென்றால் இது பிஸ்கட்டின் பிரச்சினை இல்லை, மதியச் சாப்பாட்டின் பிரச்சினை. நாளைக்கும் பட்டினி கிடந்தால் நாளை ராத்திரி இதே மணிக்கு இங்கே வருவீர்கள். காலையில் வழக்கமான சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். சாப்பிட்டதும் இங்கே வந்து 'சாப்பிட்டேன்' என்று ஒரு வார்த்தை போடுங்கள், நான் பார்ப்பேன்." மறுநாள் காலை 8.15-க்கு அந்த ஒரு வார்த்தை வந்தது.

பதில் சொன்னவர் டயட்டீஷியன் இல்லை. அதே பட்டினி, அதே பிஸ்கட், அதே ராத்திரி என்று 6 ஆண்டுகளுக்கு முன் தானும் கடந்து வந்தவர். எந்த இடத்தில் கயிறு அறுந்தது என்று அவரால் 3 நிமிடத்தில் சரியாகக் கை வைக்க முடிந்தது அதனால்தான்.

"எல்லாம் போச்சு" என்ற அந்த இரண்டு சொல்லை ஆராய்ச்சியாளர்கள் வெகுகாலமாகவே கவனித்திருக்கிறார்கள். 1975-இல் பீட்டர் ஹெர்மனும் டெபோரா மேக்கும் ஒரு சோதனை வைத்தார்கள். பங்கேற்றவர்களில் சிலருக்கு முதலில் மில்க்‌ஷேக் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவில்லை. பிறகு எல்லோருக்கும் முன்னால் ஐஸ்கிரீமை வைத்து, ருசி பார்க்கச் சொன்னார்கள். சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்கள் மில்க்‌ஷேக் குடித்திருந்தால் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். எப்போதும் உணவைக் கட்டுப்படுத்தியே பழகியவர்கள் மில்க்‌ஷேக் குடித்த பிறகு இன்னும் அதிகமாகச் சாப்பிட்டார்கள். 'கட்டுப்பாடு உடைந்துவிட்டது, இனி என்ன' என்ற மனநிலை அது. எடை கூடுவதற்கு அந்த முதல் மில்க்‌ஷேக் காரணமில்லை, அதற்குப் பிறகு வரும் அந்த 'இனி என்ன'தான் காரணம். குழு வேலை செய்வது சரியாக அந்த இடத்தில்.

கணக்காகவும் பார்த்துவிடலாம். ஒரு கிலோ உடல்கொழுப்புக்கு சுமார் 7,700 கலோரி என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. ஒரு பாக்கெட் பிஸ்கட் 1,000 கலோரி என்றே வைத்துக்கொள்ளுங்கள், முழுக்கக் கொழுப்பாக மாறினாலும் 130 கிராம்தான். ஆனால் மறுநாள் காலை மெஷின் ஒன்றரை கிலோ கூட்டிக் காட்டும். உடல் மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கும்போது ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் 3 கிராம் தண்ணீரைச் சேர்த்துப் பிடித்துவைக்கிறது. உப்பும் தண்ணீரைப் பிடிக்கும். மாதவிடாய்க்கு முந்தைய நாள்களில் பலருக்கு 1 முதல் 2 கிலோ வரைகூட ஏறி இறங்கும். குடலில் இருக்கும் உணவுக்கும் எடை உண்டு. இது தெரியாதவர் அந்த ஒன்றரை கிலோவைப் பார்த்து, 2 மாத உழைப்பு ஒரே ராத்திரியில் கரைந்துவிட்டது என்று நம்பிவிடுகிறார். நீங்கள் வெளியேறிய அந்த வாரங்களில் கூடியது எவ்வளவு என்று நினைவிருந்தால் யோசித்துப் பாருங்கள். அதில் பெரும்பகுதி தண்ணீராக இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

புத்தகத்தில் படித்தால் இது தகவல். குழுவில் இதையே கண்ணால் பார்க்கலாம். எங்கள் குழுவில் யாராவது "ஏறிவிட்டது" என்று எழுதினால், பழைய உறுப்பினர்கள் தங்களுடைய ஓராண்டு எடை வரைபடத்தின் ஸ்க்ரீன்ஷாட்டைப் போடுவார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் இறங்கும் சரிவு. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ரம்பத்தின் பல்போல ஏற்ற இறக்கம், நடுவில் 5 வாரம் அசையாமல் நிற்கும் தேக்கம், பண்டிகை வாரத்தில் ஒரு குன்று. 15 கிலோ குறைத்த ஒருவரின் வரைபடத்தில் எடை கூடிய நாள்களை எண்ணிப் பார்த்தோம். ஏறக்குறைய பாதி நாள்கள். அதைப் பார்த்த பிறகு 7 நாள் சராசரியை மட்டும் பார்க்கும் பழக்கத்துக்கு மாறியவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வெட்கத்துக்கு இதில்தான் பதில் இருக்கிறது. எடை திரும்ப ஏறுவது ஒழுக்கக் குறைவு இல்லை. 2011-இல் ஆஸ்திரேலியாவில் பிரியா சுமித்ரன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில் 50 பேர் 10 வாரம் மிகக் குறைந்த கலோரி உணவில் இருந்து எடை குறைத்தார்கள். பசியைத் தூண்டும், அடக்கும் ஹார்மோன்களை அளந்தபோது, ஓராண்டு கழித்தும் அவை பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. பசி கூடுதலாகவே இருந்தது. 2016-இல் கெவின் ஹால் குழுவினர் தொலைக்காட்சி எடைக் குறைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொண்ட 14 பேரை 6 ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தார்கள். ஓய்வில் இருக்கும்போது அவர்களுடைய உடல் செலவழித்த சக்தி, அந்த உடல் அளவுக்கு எதிர்பார்க்கக்கூடியதைவிட நாளுக்கு சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. உடல் பழைய எடையை மறப்பதில்லை. ஆக, இதைச் சமாளிப்பது 3 மாத வேலை இல்லை, பல ஆண்டு வேலை. எந்த டாக்டராலும் பல ஆண்டுகளுக்கு வாரம் மூன்று முறை உங்களோடு பேசிக்கொண்டிருக்க முடியாது. குழுவால் முடியும்.

ஆய்வுகள் இதை ஆதரிக்கின்றனவா என்றால், ஓரளவுக்கு ஆம். 1999-இல் ரீனா விங்கும் ராபர்ட் ஜெஃப்ரியும் செய்த ஆய்வில் சிலர் தனியாகச் சேர்ந்தார்கள், சிலர் மூன்று நண்பர்களோடு சேர்ந்தார்கள். தனியாக வந்து வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 76 சதவீதம் பேர் முடித்தார்கள், குறைத்த எடையை 10-ஆம் மாதம் வரை முழுதாகத் தக்கவைத்தவர்கள் 24 சதவீதம். நண்பர்களோடு வந்து, ஒருவருக்கொருவர் துணை நிற்கும் பயிற்சியும் பெற்றவர்களில் 95 சதவீதம் பேர் முடித்தார்கள், தக்கவைத்தவர்கள் 66 சதவீதம். ஆன்லைனுக்கு வந்தால், ஓர் இணைய எடை மேலாண்மைத் திட்டத்தின் 22,419 உறுப்பினர்களை ஆராய்ந்து 2015-இல் வெளியான கட்டுரை ஒன்று உண்டு. அங்கே யாரோடும் தொடர்பு வைக்காதவர்கள் 6 மாதத்தில் உடல் எடையில் 4.1 சதவீதம் குறைத்திருந்தார்கள். அதிக நெருக்கமான தொடர்புகள் உள்ளவர்கள் 8 சதவீதத்துக்கும் மேல். இந்த எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். எடை நன்றாகக் குறைகிறவர்கள்தான் அதிகம் பேசவும் செய்வார்கள். எது காரணம், எது விளைவு என்று இப்படிப்பட்ட ஆய்வில் பிரிக்க முடியாது.

நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது 2008-இல் லாரா ஸ்வெட்கி குழுவினர் வெளியிட்ட ஆய்வைத்தான். ஏற்கனவே எடை குறைத்த 1,032 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினரை அவர்கள் பாட்டுக்கு விட்டுவிட்டார்கள். ஒரு பிரிவுக்கு ஓர் இணையதளம் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவோடு மாதம் ஒருமுறை, பெரும்பாலும் போனில், ஒரு மனிதர் பேசினார். 30 மாதம் கழித்துத் திரும்ப ஏறிய எடை: முதல் பிரிவுக்கு 5.5 கிலோ, இணையதளப் பிரிவுக்கு 5.2 கிலோ, மனிதக் குரல் கேட்டவர்களுக்கு 4 கிலோ. ஒன்றரை கிலோ வித்தியாசம் சிறியதுதான், ஆனால் அது சொல்வது பெரிது. பட்டன்களும் வரைபடங்களும் உள்ள வெறும் இணையதளம், நீண்ட ஓட்டத்தில் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லாததற்குச் சமமாகிவிட்டது. கூப்பிட்டு விசாரிக்க ஒரு ஆள் இருந்தது உதவியது. ஆன்லைன் குழுவில் சேரும்போதும் இதையே பார்க்க வேண்டும். அங்கே உங்களைக் கவனிக்க ஆள் இருக்கிறார்களா, இல்லை வெறும் திரை மட்டும்தானா?

50,000 பேர் உள்ள பெரிய குழு, தகவலுக்கு நல்லது. எந்த நேரத்தில் கேட்டாலும் பதில் கிடைக்கும். ஆனால் நீங்கள் காணாமல் போனால் அங்கே யாருக்கும் தெரியாது. இதை உணர நாங்கள் 2 ஆண்டு எடுத்துக்கொண்டோம். சத்தமாக எழுதுகிறவர்கள் கண்ணில் படுவார்கள், ஓய்ந்து போனவர்கள் படமாட்டார்கள். பிறகு 6 முதல் 8 பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரித்தோம். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு விதி: யாராவது 10 நாள் சத்தமில்லாமல் இருந்தால் மற்றவர்களில் ஒருவர் தனிச் செய்தி அனுப்ப வேண்டும். எடையைப் பற்றிக் கேட்கக் கூடாது. "எப்படி இருக்கிறீர்கள்? காணோமே" அவ்வளவுதான். அதற்குப் பிறகு, திரும்பி வருகிறவர்களின் எண்ணிக்கை கூடியதைக் கண்கூடாகப் பார்த்தேன்.

பதில் சொல்கிறவருக்கும் இதில் ஆதாயம் உண்டு. உதவி செய்கிறவரே அதிகம் குணமடைகிறார் என்று ஆய்வாளர் ஃபிராங்க் ரீஸ்மன் 1965-இலேயே எழுதினார். என் 8 கிலோ திரும்ப ஏறிய ஆண்டில் நானும் வெளியேறத்தான் நினைத்தேன். எடை ஏறிய அட்மின் மற்றவர்களுக்கு என்ன சொல்வது என்று கூச்சமாக இருந்தது. புதிதாகச் சேர்ந்த ஒருவர் "காலையில் நடக்கக் கிளம்பவே முடியவில்லை" என்று கேட்டிருந்தார். "இரவே ஷூவைக் கதவுக்குப் பக்கத்தில் வையுங்கள், 10 நிமிடம் மட்டும் நடந்துவிட்டுத் திரும்புங்கள்" என்று பதில் எழுதினேன். எழுதி முடித்ததும் எழுந்து போய் என் ஷூவை எடுத்துக் கதவுக்குப் பக்கத்தில் வைத்தேன். அந்த 5 கிலோவை இறக்கியது அங்கேதான் தொடங்கியது.

இனி ஆபத்துகள். இவற்றைச் சொல்லாமல் உங்களைக் குழுவில் சேரச் சொல்வது தவறு.

ஒருவருக்கொருவர் கொடுக்கும் தைரியம் எந்தத் திசையிலும் வேலை செய்யும். பட்டினியைச் சாதனையாகவும் எலும்பு தெரிவதை அழகாகவும் கொண்டாடும் குழுக்கள் இணையம் வந்த காலத்தில் இருந்தே இருக்கின்றன. 2012-இல் டம்ப்ளர் என்ற வலைப்பதிவுத் தளமும் இன்ஸ்டாகிராமும் அத்தகைய பதிவுகளுக்குத் தடை போட்டன. பெயர் மாற்றி, எழுத்தை மாற்றி அவை திரும்பத் திரும்ப முளைக்கின்றன. வெளிப்படையாக அப்படி இல்லாத குழுவிலும், யார் குறைவாகச் சாப்பிட்டார்கள் என்ற போட்டி மெல்ல நுழைந்துவிடும். "இன்று 500 கலோரியோடு நிறுத்திவிட்டேன்" என்ற பதிவுக்குக் கீழே கைதட்டல் விழுகிறது என்றால் அங்கே இருக்க வேண்டாம். நாளுக்கு 800 கலோரிக்குக் கீழே போகும் எந்த உணவுமுறையும் மருத்துவர் கண்காணிப்பில் மட்டுமே நடக்க வேண்டியது. உணவுக் கோளாறு இருந்தவர்கள், சாப்பிட்டதை வாந்தி எடுக்கும் பழக்கம் வந்தவர்கள், மாதவிடாய் நின்றுபோகும் அளவுக்கு எடை குறைந்தவர்கள் எடைக் குழுவை விட்டு விலகி மருத்துவரிடம் போக வேண்டும். அப்படிப்பட்ட அறிகுறி தெரிந்தால் நாங்களே தனியாகப் பேசி, சிகிச்சைக்கு அனுப்பி, குழுவில் இருந்து விலக்கிவைப்போம். சிலர் அதற்காக எங்களைத் திட்டியிருக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

மருந்து சாப்பிடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். நீரிழிவுக்கு இன்சுலினோ சல்போனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர், குழுவில் யாரோ சொன்னார்கள் என்று திடீரென்று மாவுச்சத்தைக் குறைத்தாலோ வேளை தவறவிட்டாலோ ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். இரத்த அழுத்த மருந்தின் அளவும் எடை குறையக் குறைய மாற்ற வேண்டியிருக்கலாம். "எனக்கு இது வேலை செய்தது" என்பது அனுபவம். அதைக் கேட்கலாம். மருந்தின் அளவைப் பற்றிய எந்தப் பேச்சும் டாக்டரோடு மட்டும்தான். நல்ல குழு அந்த இடத்தில் கறாராக இருக்கும்.

விற்பனைக்காரர்களைப் பற்றி ஒரு வரி போதும்: குழுவில் அன்பாகப் பேசிவிட்டு, தனிச் செய்தியில் வந்து பவுடர் விற்கிறவர் இருந்தால் அட்மினிடம் சொல்லுங்கள், அட்மின் நடவடிக்கை எடுக்கவில்லை என்றால் குழுவையே மாற்றுங்கள்.

எடை குறைப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைப் பற்றி எங்களுக்குள் பெரிய விவாதம் நடந்தது. சிலருக்கு அது உந்துதல். எடை தேக்கத்தில் இருப்பவருக்கு அது கத்தி. 'நான் மட்டும் ஏன் இப்படி' என்ற எண்ணத்தை அதைப்போல வேறெதுவும் கிளறுவதில்லை. கடைசியில் அவற்றுக்குத் தனிப் பகுதி ஒதுக்கினோம். பார்க்க வேண்டும் என்று நினைக்கிறவர் மட்டும் போய்ப் பார்க்கலாம்.

சமீப ஆண்டுகளில் குழுக்களை இரண்டாகப் பிளந்தவை புதிய ஊசி மருந்துகள். எடைக் குறைப்புக்கான செமாக்ளுடைடை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021 ஜூனில் அனுமதித்தது, டிர்செபடைடை 2023 நவம்பரில். ஓர் ஆய்வில் செமாக்ளுடைட் எடுத்தவர்கள் 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீதம் எடை குறைத்தார்கள், வெற்று ஊசி பெற்றவர்கள் 2.4 சதவீதம். மருந்தை நிறுத்திய பிறகு ஓராண்டில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறிவிட்டது. இதை எடுக்கிறவர்களைப் பார்த்து "குறுக்கு வழி" என்று சொல்கிற பழைய உறுப்பினர்கள் உண்டு. அது கொடுமையான பேச்சு. பசி ஹார்மோன்களைப் பற்றி மேலே சொன்னதைப் படித்தால், பசியோடு போராட மருந்து எடுப்பதில் வெட்கப்பட ஏதும் இல்லை என்று புரியும். சொல்லப்போனால் அவர்களுக்குத்தான் இப்போது குழு அதிகம் தேவைப்படுகிறது: குமட்டல் வரும் வாரத்தை எப்படிக் கடப்பது, பசியே இல்லாதபோது புரதத்தை எப்படி உள்ளே தள்ளுவது, மருந்து நின்றதும் திடீரென்று திரும்பும் பசியைப் பார்த்துப் பயப்படாமல் இருப்பது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் இதேதான். அவர்களுக்கென்று தனிக் குழுக்கள் இருக்கின்றன, அவற்றில் சேர்வது நல்லது.

எந்தக் குழு நல்ல குழு என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த ஒரே சோதனை இது. சேர்ந்ததும் எதுவும் எழுதாதீர்கள். தேடல் பெட்டியில் "திரும்ப வந்தேன்", "எடை ஏறிவிட்டது" என்று தேடுங்கள். பல மாதம் காணாமல் போய், எடை ஏறித் திரும்பியவர்களின் பதிவுகள் கிடைக்கும். அவற்றுக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படியுங்கள். "மன உறுதி வேண்டும்", "எல்லாம் நம் கையில்தான்" என்று நீதி போதித்திருந்தால் அந்தக் குழு உங்களுக்கு ஆகாது. அப்படிப்பட்ட பதிவுகளே கிடைக்கவில்லை என்றால் இன்னும் மோசம், ஏறியவர்கள் யாரும் அங்கே திரும்பி வருவதில்லை என்று அர்த்தம். "வாங்க, இன்று ராத்திரி என்ன சாப்பிடப் போகிறீர்கள்?" என்ற மாதிரி பதில்கள் இருந்தால் அங்கே தங்குங்கள்.

எங்கள் குழுவில் 7 மாதம் காணாமல் போன ஒருவர், 11 கிலோ ஏறித் திரும்பினார். "மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்" என்று நீளமாக ஒரு பதிவு. முதல் பதிலை எழுதியவர் அந்தப் பிஸ்கட் ராத்திரியில் அழுதபடி எழுதிய அதே பெண். "மன்னிப்பெல்லாம் எதற்கு? உங்கள் சிறு குழுவில் உங்கள் இடம் காலியாகத்தான் இருக்கிறது. மெஷினில் எப்போது ஏறினீர்கள்? இன்றா? அதுதான் கஷ்டமான வேலை, அது முடிந்துவிட்டது."

ஆக, மூன்றாவது முறை சேருங்கள். ஆனால் இந்த முறை உங்கள் முதல் பதிவில் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று எழுதாதீர்கள். இதற்கு முன் இரண்டு முறை சேர்ந்ததையும், இரண்டு முறையும் எடை கூடிய வாரத்தில் சத்தமில்லாமல் போனதையும் அப்படியே எழுதுங்கள். அதற்கு அக்கறையாகப் பதில் எழுதுகிற ஓரிருவர் இருப்பார்கள். அவர்களில் ஒருவருக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள்: "நான் 10 நாள் எழுதவில்லை என்றால் என்னைக் கூப்பிட முடியுமா?"